சுவர் இருந்தால்தான் சித்திரம்: பாய்ச்சுங் பூட்டியாவின் ஓய்வு நமக்குக் கற்பிக்கும் பாடம்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. படிப்பவர், உழைப்பவர் ஆகிய எல்லோருக்கும் பொருந்தும் இப்பழமொழி, விளையாட்டு வீரர்களுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். ஏனெனில் அவர்களுக்கு உடலே சுவர், உடலே தூரிகை.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நமக்கு இது புதிய செய்தி அன்று. காசிமேட்டில் வலை இழுப்பவர்கள், துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவர்கள், திருவொற்றியூர் ஆலைகளில் இரவு முறை வேலை பார்ப்பவர்கள் என நம்மில் பலருடைய குடும்பங்கள் உடலுழைப்பை நம்பியே வாழ்கின்றன. என் தாத்தாவும் ஒரு கிடங்கில் மூட்டை சுமந்தவர்தாம். இடுப்பு வலித்தாலும் வெளியே சொல்ல மாட்டாராம். சொன்னால் அன்றைய கூலி போய்விடும். அப்படிச் சொல்லாமலே சுமந்து, ஐம்பது வயதுக்குள் நிமிர்ந்து நடக்க முடியாமற் போனார்.

வலியை மறைப்பதுதான் வீரம் என்று நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது இந்தியக் கால்பந்தாட்ட வீரர் பாய்ச்சுங் பூட்டியாவின் வரலாறு. அதனை என் அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைநாட்டு மாணிக்கம்

பாய்ச்சுங் பூட்டியா 1976-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் சிக்கிம் மாநிலத்தில் டிங்கிடாம் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். பாக்யோங்கில் உள்ள புனித சவேரியார் பள்ளியில் கல்வியைத் தொடங்கினார். ஒன்பது வயதில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகை பெற்று, காங்டாக்கில் உள்ள தாஷி நம்கியால் பள்ளியில் சேர்ந்தார். 1992-இல் பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பைப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டே, பதினாறு வயதில், கல்கத்தாவின் புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்கால் அணி அவரை அழைத்துக்கொண்டது. நம்மைவிட ஒரு வயதுதான் மூத்தவர் என்பதை நினைத்தால் வியப்பாக இல்லையா?

1995-இல் நேரு கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடினார். 1997 ஜூலையில் கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம் கல்கத்தா சால்ட் லேக் அரங்கில் நடைபெற்றது. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதிய அந்த ஆட்டத்தைக் காண 1,31,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று வென்றது. அந்நான்கில் மூன்று கோல்களை அடித்தவர் இருபது வயது பூட்டியா. 1998-இல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

கடல் கடந்தார், காயம் கண்டார்

1999-இல் இங்கிலாந்தின் பரி அணியில் பூட்டியா சேர்ந்தார். ஐரோப்பியக் கழகம் ஒன்றிற்காக ஆடிய இந்தியர் அவருக்கு முன் ஒருவரே. 1936-இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு வெறுங்காலோடு ஆடிய முகமது சலீம்தான் அவர். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மூடிக்கிடந்த கதவைப் பூட்டியா திறந்தார். 2000 ஏப்ரலில் தம் முதல் லீக் கோலையும் அடித்தார்.

ஆனால் மூன்றாவது பருவமான 2001–02-இல் காயம் குறுக்கிட்டது. அந்தப் பருவம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்டங்களிலேயே அவர் களம் இறங்கினார். 2002-இல் தாயகம் திரும்பி மோகன் பகான் அணியில் சேர்ந்தார். அங்கேயும் பருவத்தின் தொடக்கத்திலேயே மீண்டும் காயமுற்றார். அந்தப் பருவத்தின் எஞ்சிய பகுதியை வெளியே அமர்ந்து கழிக்க நேர்ந்தது. இருபத்தாறு வயது என்பது ஓர் ஆட்டக்காரருக்கு உச்ச காலம். அந்த வயதில் இப்படி அமர்ந்திருப்பது எத்தகைய வேதனை!

பூட்டியா மனம் தளரவில்லை. குணமடைந்தபின் மீண்டும் ஈஸ்ட் பெங்கால் அணிக்குத் திரும்பினார். 2003 ஜூலையில் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் பலம்வாய்ந்த பி.இ.சி. டெரோ சசானா அணியை ஈஸ்ட் பெங்கால் 3–1 என்று வீழ்த்தியது. அப்போட்டியில் ஒன்பது கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர் பூட்டியாவே. ‘இவர் காலம் முடிந்துவிட்டது’ என்று நினைத்தவர்களுக்கு அவருடைய கால்களே விடை கூறின.

தலைவர் அமர்ந்திருந்த மூன்று ஆட்டங்கள்

2008 ஆகஸ்டில் டெல்லி அம்பேத்கர் அரங்கில் ஆசியச் சவால் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது. பூட்டியாவின் தலைமையில் இந்தியா தஜிகிஸ்தானை 4–1 என்று வென்றது. இளைஞரான சுனில் சேத்ரி மூன்று கோல்களும் பூட்டியா ஒரு கோலும் அடித்தனர். இந்த வெற்றியால், 1984-க்குப் பின் முதன்முறையாக ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதி இந்தியாவுக்குக் கிடைத்தது. 2009-இல், நூறு பன்னாட்டு ஆட்டங்களில் ஆடிய முதல் இந்தியர் என்ற சிறப்பையும் பூட்டியா பெற்றார்.

ஆசியக் கோப்பைப் போட்டி 2011 ஜனவரியில் கத்தார் நாட்டின் தோஹா நகரில் தொடங்கியது. 27 ஆண்டுகள் நாடு காத்திருந்த போட்டி அது. அதற்கு வழி வகுத்த தலைவருக்கோ அப்போது கெண்டைக்கால் தசையில் காயம். ஆஸ்திரேலியாவுடன் ஆடிய முதல் ஆட்டத்தில் அவர் களம் இறங்கவில்லை. இந்தியா 0–4 என்று தோற்றது. பஹ்ரைனுடன் ஆடிய இரண்டாவது ஆட்டத்திலும் இறங்கவில்லை. 2–5 என்று தோல்வி. தென்கொரியாவுடன் ஆடிய கடைசி ஆட்டத்திலும் பெரும்பகுதி நேரம் வெளியேதான் இருந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் சில நிமிடங்கள் மட்டும் ஆடினார். அதிலும் 1–4 என்று தோல்வியே கிட்டியது.

விதை விதைத்து, நீர் பாய்ச்சி, களை எடுத்தவர் அறுவடை நாளில் வரப்பில் அமர்ந்திருந்ததற்கு ஒப்பானது இது. ஆயினும் அவர் வலியை மறைத்துக்கொண்டு முதல் ஆட்டத்திலேயே இறங்கிவிடவில்லை. அணியின் ஓர் இடம் ஓடக்கூடிய கால்களுக்கு உரியது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே நான் எண்ணுகிறேன்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாள், தம் 34-ஆம் வயதில், பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெறுவதாகப் பூட்டியா அறிவித்தார். 2012 ஜனவரி 10-ஆம் நாள் டெல்லி நேரு அரங்கில் அவருக்கு வழியனுப்பு ஆட்டம் நடத்தப்பட்டது. எதிரணி ஜெர்மனியின் பேயர்ன் மூனிச். இந்தியா 0–4 என்று தோற்றபோதிலும், அரங்கமே எழுந்து நின்று அவரை வழியனுப்பியதாக அதைத் தொலைக்காட்சியில் பார்த்த என் அப்பா கூறுவார். அப்போது நான் விவரம் அறியாத குழந்தை.

ஓய்வு என்பது முடிவா?

அன்று என்று கூறலாம். ஆட்டக்காரர்களின் நலனைக் காப்பதற்காக 2006-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கத்தின் தலைவராகப் பூட்டியா பணியாற்றினார். சிறுவர்களுக்கான கால்பந்துப் பயிற்சிப் பள்ளிகளையும் தம் பெயரில் நிறுவினார்.

அவருக்கு முன்னும் இத்தகையோர் உண்டு. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் பி.கே. பானர்ஜி ஆடினார். மீண்டும் மீண்டும் வந்த காயங்களால் 1967-இல் அவர் ஓய்வு பெற்றார். மூன்றே ஆண்டுகளில், 1970-இல் பாங்காக்கில் இந்தியா வெண்கலம் வென்றபோது, அவ்வணியின் பயிற்சியாளர்களுள் ஒருவராக விளங்கினார். ஆடிய கால் ஓய்ந்தாலும் அறிந்த அறிவு ஓய்வதில்லை அல்லவா?

அதே 1962 அணியில் ஜர்னைல் சிங்கும் இருந்தார். தாய்லாந்துடன் ஆடியபோது தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. அந்தத் தையலோடு இறுதி ஆட்டத்தில் முன்களத்தில் ஆடிக் கோலும் அடித்தார். இதைக் கேட்கும்போது நமக்கு மெய்சிலிர்க்கிறது. ஆனால் இன்று மருத்துவம் வேறு சொல்கிறது. தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, தடுமாற்றம் ஏதேனும் இருந்தால் அன்று அவர் மீண்டும் ஆடவே கூடாது. அத்தகையவருக்காக ஒரு மாற்று ஆட்டக்காரரைக் கூடுதலாக இறக்கவும் இப்போது விதி இடமளிக்கிறது. ஜர்னைல் சிங்கின் துணிவை வணங்குவோம். ஆனால் அதைப் பின்பற்ற வேண்டாம்.

உலக அரங்கில் இன்னொரு சான்று நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரராக 1988, 1989, 1992 என மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். கணுக்கால் காயத்தோடு 1993 மே மாதம் ஐரோப்பியக் கழகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஆடினார். அப்போது அவருக்கு வயது 28. அதுவே அவருடைய கடைசி ஆட்டமாயிற்று. பிறகு இரண்டு ஆண்டுகள் காத்திருந்தும் கணுக்கால் இடங்கொடுக்காமல், 1995-இல் ஓய்வை அறிவித்தார்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நமக்கு அருகிலுள்ள வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ், 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் நடுக்களத்தில் ஆடியவர். அதே ஆண்டில் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பல மாதங்கள் களத்திற்கு வெளியே இருக்க நேர்ந்தது.

பெண்கள் அறிய வேண்டியவை

தோழியரே, இப்பகுதியைக் கவனமாகப் படியுங்கள். நம் முழங்காலில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் நான்கு முக்கியத் தசைநார்கள் பிணைத்து நிற்கின்றன. அவற்றுள் இரண்டு, மூட்டின் நடுவே சிலுவை போல ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அமைந்துள்ளன. முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்துபோவதே கால்பந்தாட்டக்காரர்கள் பெரிதும் அஞ்சும் காயம். யாரும் மோதாமலே இது நிகழக்கூடும். வேகமாக ஓடும்போது சட்டென்று திரும்பினாலோ, குதித்துத் தவறாக ஊன்றினாலோ போதும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஆடுவதற்கு ஒன்பது மாதங்கள் அல்லது அதற்கும் மேல் ஆகலாம். இக்காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாக ஏற்படுவதாக மருத்துவர்கள் கூறுகின்றனர்.

அமெரிக்க வீராங்கனை மேகன் ரபினோவுக்கு இக்காயம் மூன்று முறை ஏற்பட்டது. 2006, 2007-ஆம் ஆண்டுகளில் இடது முழங்காலிலும் 2015-இல் வலது முழங்காலிலும் ஏற்பட்டது. ஒவ்வொரு முறையும் மீண்டும் களத்திற்குத் திரும்பினார். 2015, 2019 உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் ஆடி, 2023-இல் தம் 38-ஆம் வயதில் ஓய்வு பெற்றார்.

காயத்தைத் தடுக்க வழி இல்லையா? உண்டு. உலகக் கால்பந்துக் கழகமான ஃபிஃபா ‘11+’ என்ற இருபது நிமிடப் பயிற்சியை வகுத்துள்ளது. மெதுவான ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்றல், முழங்கால் உட்புறம் சாயாமல் குதித்து ஊன்றுதல் முதலியன அதில் அடங்கும். நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண் ஆட்டக்காரர்களிடம் இதனைச் சோதித்தனர். மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியும் குறைந்தன என்று 2008-இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. இதற்குச் செலவு ஏதுமில்லை. இருபது நிமிடம் முன்னதாகத் திடலுக்கு வந்தால் போதும்.

சுளுக்கு ஏற்பட்டால் செய்ய வேண்டியவை இவை: உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து அல்லது இருபது நிமிடம் வைக்க வேண்டும். மீள்தன்மையுள்ள கட்டுத்துணியால் மிதமாகக் கட்டி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். முதல் இரண்டு, மூன்று நாட்களுக்கு எண்ணெய் தேய்த்து நீவுவதும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் வீக்கத்தை மிகுவிக்கும். நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நான் செய்த தவறு

இவற்றையெல்லாம் நான் கற்றது பாடநூலில் அன்று. சென்ற ஆண்டு எங்கள் அணியில் நான் இடப்புறப் பின்களத்தில் ஆடினேன். அரையிறுதிக்கு மூன்று நாட்கள் முன்பு, பயிற்சியின்போது கணுக்கால் பிசகியது. சொன்னால் உடற்கல்வி ஆசிரியை என்னை நிறுத்திவிடுவாரோ என்ற அச்சம். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் பாட்டி மட்டும் கண்டுபிடித்து, நல்லெண்ணெய் காய்ச்சி நன்றாக வழித்துவிட்டார். காலையில் வீக்கம் இரண்டு மடங்காயிற்று. காலுறையை இழுத்துவிட்டு அதை மறைத்தேன்.

அரையிறுதி தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எதிரணிப் பெண் என்னைக் கடந்து ஓடினாள். நான் திரும்பினேன், கால் திரும்பவில்லை. நான் தரையில் கிடக்கும்போதே அவள் கோல் அடித்துவிட்டாள். அந்த ஒரு கோலால் தோற்றோம். எனக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு.

மாற்று ஆட்டக்காரியாக வெளியே அமர்ந்திருந்த என் தோழி, அன்று மாலை எனக்கு ஐஸ் வைத்துக்கொண்டே கேட்டாள்: “சொல்லியிருக்கலாமேடி! நான் ரெண்டு நல்ல காலோட சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் மறைத்தது என் வலியை மட்டும் அன்று. அவளுக்குரிய ஆட்டத்தையும் அல்லவா எடுத்துக்கொண்டேன்! கட்டோடு படுத்திருந்த அந்த வாரங்களில்தான் அப்பா பூட்டியாவின் கதையைச் சொன்னார். “அவ்ளோ பெரிய கேப்டனே உட்கார்ந்திருந்தார்மா. நீ உட்கார்ந்தா குறைஞ்சா போயிடுவே?” என்று கேட்டார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து, “எனக்குச் சொல்ல வழியில்ல. உனக்கு இருந்துச்சே, கண்ணு” என்றார்.

முடிவுரை

பூட்டியாவின் வாழ்வு நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. காயத்திலிருந்து பொறுமையாகக் குணமடைந்து மீண்டு வருவது ஒரு வீரம். அதை 2003-இல் காட்டினார். உடல் ‘போதும்’ என்று சொல்லும்போது அதைக் கேட்டு இடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பது மற்றொரு வீரம். அதை 2011-இல் காட்டினார். வலியை மறைப்பது இவ்விரண்டிலும் சேராது.

இவ்வாண்டுப் போட்டிக்கு முந்தின நாள் என் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. நேரே ஆசிரியையிடம் சென்று சொன்னேன். நான் வெளியே அமர்ந்தேன். என் தோழி ஆடினாள். கோல் ஏதும் விழாமல் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அவள் தடுத்த பந்து ஒன்றை நான் நிச்சயம் தடுத்திருக்க மாட்டேன். கைதட்டித் தட்டி என் உள்ளங்கை சிவந்துபோயிற்று. அடுத்த ஆட்டத்தில் இருவரும் சேர்ந்தே ஆடினோம்.

அன்புள்ள பெற்றோர்களே, உங்கள் பெண் நொண்டி வந்தால் ‘இனி விளையாட்டே வேண்டாம்’ என்று சொல்லிவிடாதீர்கள். அந்த அச்சத்தால்தான் நாங்கள் மறைக்கிறோம். அன்புத் தோழியரே, நீங்களும் மறைக்காதீர்கள். இறைவன் தந்த உடலாகிய சுவரைப் பேணிக் காப்போம். அதில் அழகிய சித்திரங்களை நெடுங்காலம் எழுதி மகிழ்வோமாக!